கேட்க மறந்த கேள்வி
சிறுநீரக மருத்துவ வரலாற்றில் ரய் நகரிலிருந்து குன்னூர் வரை

நீலகிரியில், கோத்தகிரியிலிருந்து மேற்கே செல்லும் சாலையில் கட்டபெட்டு என்றொரு சிற்றூர் உண்டு. உதகைக்குப் போகும் பாதையும் குன்னூருக்குப் போகும் பாதையும் பிரியும் சந்தி அது. சுற்றிலும் தேயிலைத் தோட்டங்கள். சரிவுகளில் படுகர் ஊர்கள். சந்தியில் சில கடைகள். நம்மிடம் பல்லாண்டுகளுக்கு முன் ஓதிய மாணவர் ஒருவர் அப்பகுதியில் குடும்பத்துடன் வாழ்ந்து வருகிறார். அவரைக் காணச் சென்ற ஒரு பயணமே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று. அச்செய்தியைப் பின்னர் சொல்வோம். அதற்கு முன், சிறுநீரகமும் அதிலிருந்து இறங்கும் நீர்ப்பாதையும் பற்றிய அறிவு எவ்வழியே வந்தது என்பதைச் சற்று விரிவாகக் காண்பது பயனுடையது.

இவ்வரலாற்றின் இறுதிக் கட்டங்களுள் ஒன்று கட்டபெட்டிலிருந்து சிறிது தொலைவே உள்ள குன்னூரில் நிகழ்ந்தது. நம்மவர்களில் பலர் அதனை அறியார். அதன் தொடக்கக் கட்டங்களோ பக்தாதிலும் ரய் நகரிலும் புகாராவிலும் குர்துபாவிலும் நிகழ்ந்தன. அவற்றை நாம் அறிந்திருப்பதாக எண்ணிப் பெருமை பேசுகிறோம். அந்தப் பெருமை உரியதுதானா என்பதையும் இறுதியில் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

சொல்லும் குப்பியும்

அரபு மொழியில் சிறுநீரகத்திற்கு ‘குல்யா’ என்றும், அதிலிருந்து சிறுநீர்ப்பைக்கு இறங்கும் குழாய்க்கு ‘ஹாலிப்’ என்றும், சிறுநீர்ப்பைக்கு ‘மஸானா’ என்றும் பெயர். கல் ‘ஹஸாத்’, கல்லாகத் திரளாத மணல் ‘ரம்ல்’. இவை அனைத்தையும்விட நம் கருத்தைக் கவர்வது வேறொரு சொல். மருத்துவர் நோயை அறிவதற்காகப் பார்க்கும் சிறுநீரை அரபு அகராதிகள் ‘தஃப்ஸிரா’ என்று குறிக்கின்றன. திருமறை விரிவுரையைக் குறிக்கும் ‘தஃப்ஸீர்’ எந்த வேரிலிருந்து பிறந்ததோ அதே வேரிலிருந்து பிறந்த சொல் இது. மறைந்திருக்கும் பொருளை வெளிப்படுத்துவது என்பது அவ்வேரின் கருத்து. உடலுக்குள் கண்ணுக்குப் புலப்படாமல் நடப்பதை வெளியே எடுத்துச் சொல்லும் விரிவுரையாகச் சிறுநீரை அக்கால மருத்துவர்கள் கண்டனர்.

அதனை ஏந்தும் கண்ணாடிக் குப்பிக்கு ‘காரூரா’ என்று பெயர். நாளடைவில் குப்பியின் பெயரே அதிலுள்ள நீருக்கும் ஆகிவிட்டது. யூனானி மருத்துவர்கள் இன்றும் ‘காரூரா பார்த்தல்’ என்றே கூறுவர்.

சிறுநீர் எங்கே உண்டாகிறது என்பதே ஒரு காலத்தில் சர்ச்சைக்குரிய வினாவாக இருந்தது. கிரேக்க மருத்துவர் ஜாலீனூஸ், அதாவது காலன், கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் விலங்குகளின் இரு ஹாலிப்களையும் நூலால் கட்டிச் சோதித்தார். கட்டுக்கு மேலே குழாய்கள் வீங்கின; கீழே சிறுநீர்ப்பை வெறுமையாக நின்றது. கட்டை அவிழ்த்ததும் பை நிரம்பியது. சிறுநீர் சிறுநீரகத்திலிருந்தே வருகிறது என்பது இவ்வாறு நிலைநாட்டப்பட்டது. காலனின் நூல்களை ஹுனைன் இப்னு இஸ்ஹாக்கும் (809-873) அவருடைய குழுவினரும் ஸுர்யானி, அரபு மொழிகளில் பெயர்த்தனர். அப்பெயர்ப்புகளின் வழியே இந்தச் சோதனையும் அரபு மருத்துவரின் பொதுச் சொத்தாயிற்று.

அதன்பின் சிறுநீரைப் பற்றித் தனி நூல்கள் எழுந்தன. கைரவானில் வாழ்ந்த யூத மருத்துவர் இஸ்ஹாக் இப்னு ஸுலைமான் அல்-இஸ்ராயீலி அரபியில் எழுதிய ‘கிதாபுல் பவ்ல்’ அவற்றுள் புகழ் வாய்ந்தது. பதினோராம் நூற்றாண்டில் கான்ஸ்டன்டைன் என்ற துறவி அதனை இலத்தீனில் பெயர்த்தார். ஐரோப்பியக் கல்விக்கூடங்களில் அது பல நூற்றாண்டுகள் பாடநூலாக விளங்கியது. இப்னு ஸீனா (980-1037) தமது ‘அல்-கானூன்’ நூலின் முதற்பகுதியிலேயே சிறுநீர்ச் சோதனைக்கு விதிகள் வகுத்தார். காலையில் முதலில் கழிக்கும் நீராக இருக்க வேண்டும். உண்ணுவதற்கும் பருகுவதற்கும் முன் எடுக்க வேண்டும். குங்குமப்பூ போன்ற நிறமேற்றும் பொருள்களை உண்டிருக்கலாகாது. நெடுநேரம் வைத்திருத்தல் கூடாது. குப்பி தெளிந்த கண்ணாடியாய் இருக்க வேண்டும். அதன்பின் நிறம், அடர்த்தி, தெளிவு, மணம், நுரை, அளவு, அடியில் தங்கும் வண்டல் ஆகியவற்றைத் தனித்தனியே நோக்க வேண்டும். மாதிரியை எடுப்பதில் பிழை நேர்ந்தால் முடிவும் பிழையாகும் என்ற இன்றைய ஆய்வுக்கூட ஒழுங்கின் கரு இவ்விதிகளில் இருக்கிறது.

தமிழ் மண்ணிலும் இதற்கு இணையான கலை வளர்ந்தது. சித்த மருத்துவத்தின் எண்வகைத் தேர்வுகளுள் சிறுநீரும் ஒன்று. தேரையர் பெயரால் வழங்கும் நீர்க்குறி, நெய்க்குறி நூல்கள் விடியற்காலை நீரையே எடுக்கச் சொல்கின்றன. அதில் ஒரு துளி நல்லெண்ணெய் விட்டு, அது பாம்புபோல் நீண்டால் வாதம், மோதிரம்போல் வளைந்தால் பித்தம், முத்துப்போல் நின்றால் கபம் என்று கணித்தனர். நம் ஊர்களில் ஹக்கீமும் வைத்தியரும் அடுத்தடுத்த தெருக்களில் இருந்து ஒரே விடியற்காலை நீரை இரு மொழிகளில் படித்திருக்கிறார்கள்.

வலியைப் பிரித்தறிதல்

சிறுநீரகக் கல்லைப் பொறுத்தவரை அக்கால மருத்துவர் எதிர்கொண்ட முதற்சிக்கல், அவ்வலியைக் குடல் வலியிலிருந்து பிரித்தறிவதாகும். குடல் வலிக்குக் ‘கூலஞ்ச்’ என்று பெயர். அபூபக்ர் முஹம்மத் இப்னு ஸகரிய்யா அர்ராஸீ (865-925) கூலஞ்ச் பற்றித் தனி நூலே எழுதினார். சிறுநீரகக் கல்லும் சிறுநீர்ப்பைக் கல்லும் பற்றி மற்றொரு நூலும் எழுதினார். பின்னதை 1896இல் தெ கோனிங் என்பவர் பிரெஞ்சு மொழிபெயர்ப்புடன் லெய்டனில் வெளியிட்டார்.

சிறுநீரக வலி முதுகுப்புறத்தில் ஓரிடத்தில் நிலைத்துக் குத்தும்; கீழ்நோக்கி விதைப்பை வரை இறங்கும்; அப்பக்கத் தொடை மரத்துப் போகும். குடல் வலி வயிற்றில் பரந்து இடம் மாறும். மலச்சிக்கலோடு சேர்ந்து வரும். இவ்வேறுபாடுகளை இன்றைய மருத்துவ மாணவரும் ஏறத்தாழ இவ்வாறே கற்கிறார்.

இப்னு ஸீனா மற்றொரு வேறுபாட்டையும் பதிவு செய்தார். சிறுநீரகக் கல் பெரும்பாலும் வயது முதிர்ந்தவர்க்கும் உடல் பருத்தவர்க்கும் வருகிறது. சிறுநீர்ப்பைக் கல்லோ சிறுவர்க்கும் மெலிந்தவர்க்கும் வருகிறது. முன்னது சிறியது, சிவந்தது. பின்னது பெரியது, சாம்பல் நிறமுடையது. கிரேக்கர் காலத்திலிருந்தே வந்த இக்கருத்தை அவர் தெளிவாக வகைப்படுத்தினார். ஒரே கல் நோய் ஏன் சிறுவர்க்கு ஓரிடத்திலும் முதியவர்க்கு வேறிடத்திலும் வர வேண்டும்? அதற்கு அவர் கூறிய விளக்கம் உடலின் சூடு, குளிர்ச்சி, கெட்டித்த திரவங்கள் ஆகியவற்றைச் சார்ந்தது. அவ்விளக்கம் இன்று ஏற்கத்தக்கதன்று. ஆனால், அவர் கண்ட உண்மை நிலைத்தது. அதற்கான காரணம் தெரிய ஏறத்தாழ ஒன்பது நூற்றாண்டுகள் ஆயின.

சிகிச்சையில் அவர்கள் தம் எல்லையை அறிந்திருந்தனர். சிறுநீர்ப்பைக் கல்லைக் கத்தியால் அகற்றும் முறையைக் குர்துபா அருகே வாழ்ந்த அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவீ (இறப்பு 1013) தமது ‘அத்தஸ்ரீஃப்’ நூலின் அறுவைப் பகுதியில் விளக்கினார். நீர்த்துவாரத்தில் சிக்கிய கல்லை நுண்ணிய துளைக்கருவியால் குடைந்து பொடியாக்கும் வழியையும் கூறினார். சிறுநீரகக் கல்லுக்கோ கத்தி கிடையாது. விலாவையோ முதுகையோ கிழித்து அக்கல்லை எடுக்க முயல்வோரை இப்னு ஸீனா கடுமையாகக் கண்டித்தார். அது பேராபத்து, அறிவுடையோர் செய்யும் செயலன்று என்பது அவர் கருத்து. மயக்க மருந்தும் கிருமி நீக்கமும் இல்லாத காலத்தில் அது முற்றிலும் சரியான தீர்ப்பாகும். ஆகவே வெந்நீர்த் தொட்டியில் அமர்த்துதல், நீர் பெருக்கும் மருந்துகள், முலாம்பழ விதை, நெருஞ்சில், கொள்ளு, ‘ஹஜருல் யஹூத்’ எனப்படும் கடல் உயிரின் கல்லான முள் ஆகியவையே அவர்களிடமிருந்த கருவிகள். நம் வைத்தியர்கள் சிறுபீளையையும் மாவிலிங்கப் பட்டையையும் வாழைத்தண்டையும் அவற்றோடு சேர்த்துக்கொண்டனர்.

ராஸீயின் ஒப்புதல்

இவ்வரலாற்றில் நம் உள்ளத்தை மிகவும் தொட்ட பகுதிக்கு இப்போது வருகிறோம். ராஸீ தாம் பார்த்த நோயாளிகளைப் பற்றிக் குறிப்புகள் எழுதி வைத்திருந்தார். அவருடைய மறைவுக்குப் பின் அவை ‘அல்-ஹாவீ’ என்னும் பெருந்தொகுப்பில் சேர்க்கப்பட்டன. அவற்றுள் ஒன்று அப்துல்லாஹ் இப்னு ஸவாதா என்ற நோயாளியைப் பற்றியது. இதனைப் பிரவுன் என்னும் அறிஞர் 1921இல் வெளிவந்த தம் நூலில் ஆங்கிலத்தில் தந்தார்; 1935இல் மாக்ஸ் மேயர்ஹாஃப் முப்பத்து மூன்று நோயாளிக் குறிப்புகளை வெளியிட்டபோது அதுவும் இடம்பெற்றது.

அந்த நோயாளிக்கு ஒழுங்கற்ற காய்ச்சல். சில வேளை நாள்தோறும், சில வேளை ஒன்றுவிட்டு ஒருநாள், சில வேளை இன்னும் இடைவெளி விட்டு வந்தது. வருமுன் சிறிது நடுக்கம். அடிக்கடி சிறுநீர் கழிதல். ராஸீ இரண்டு வாய்ப்புகளைக் கூறினார்: ஒன்று, இது நான்காம் நாள் முறைக்காய்ச்சலாக மாறும்; அல்லது சிறுநீரகத்தில் புண் இருக்கிறது. சிறிது காலத்தில் சிறுநீரில் சீழ் வந்தது. இனிக் காய்ச்சல் திரும்பாது என்று அவர் சொன்னார், அவ்வாறே ஆயிற்று. நீர் பெருக்கும் மருந்து கொடுத்துச் சீழ் நீங்கியபின் புண்ணை ஆற்றும் மருந்துகளைத் தந்தார். நோயாளி குணமடைந்தார். இன்றைய மருத்துவர் இக்குறிப்பைப் படித்தால் மேல் நீர்ப்பாதைத் தொற்று என்று உடனே சொல்வார்.

குணமடைந்த கதையோடு அவர் நிறுத்தியிருக்கலாம். புகழுக்கு அதுவே போதும். ஆனால், தொடக்கத்திலேயே தாம் ஏன் உறுதியாகக் கூற இயலவில்லை என்பதையும் அவர் எழுதினார். நோயாளிக்கு முன்பே முறைக்காய்ச்சல் இருந்தது தம் கவனத்தைத் திருப்பியது. எழுந்து நிற்கும்போது இடுப்பில் பாரம் தொங்குவதுபோல் இருப்பதை அவர் தம்மிடம் சொல்லவில்லை. தாமும் அதனைக் கேட்க மறந்துவிட்டோம் என்று ஒப்புக்கொண்டார். பிழை நோயாளியின் மௌனத்தில் பாதி, தம் கேளாமையில் பாதி என்பது அக்குறிப்பின் சாரம். ‘மருத்துவர்களின் தலைவர்’ என்று காலன் போற்றப்பட்ட காலத்தில் ‘ஜாலீனூஸ் மீதான ஐயங்கள்’ என்ற நூலை எழுதியவர் ராஸீ. அந்த ஐயத்தைத் தம்மீதே திருப்பிக்கொள்ளவும் அவர் அஞ்சவில்லை.

குன்னூரின் எலிக்கூண்டுகள்

இப்போது நீலகிரிக்குத் திரும்புவோம். குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் 1907இல் தொடங்கப்பட்டது. அங்கு ஓர் அறையில் 1918இல் ராபர்ட் மெக்காரிசன் (1878-1960) என்ற மருத்துவர் பெரிபெரி நோய் ஆய்வைத் தொடங்கினார். வட அயர்லாந்தில் பிறந்து இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்தவர் அவர். அதற்கு முன் கில்கித் பகுதியில் பணியாற்றியபோது ஹுன்ஸா பள்ளத்தாக்கு மக்களைக் கண்டார். அந்த முஸ்லிம் மலைமக்கள் தானியம், காய்கறி, வாதுமைப் பழம், பால், வெண்ணெய் ஆகியவற்றை உண்டு, விழா நாள்களில் மட்டும் இறைச்சி புசித்து, திடமாக வாழ்ந்தனர். அவர்களுடைய ஆயுளைப் பற்றிப் பிற்காலத்தில் பரவிய கதைகள் மிகைப்பட்டவை. ஆயினும் நோயின்மைக்கும் உணவுக்கும் தொடர்பு உண்டோ என்ற வினா மெக்காரிசனின் மனத்தில் அங்கேதான் விழுந்தது.

அரசின் சிக்கன நடவடிக்கையால் 1923இல் நின்ற ஆய்வு 1925இல் மீண்டும் தொடங்கியது. இந்தியாவின் பல்வேறு மக்கள் உண்ணும் உணவுகளை அவர் வெள்ளெலிகளுக்கு ஊட்டினார். முழுக்கோதுமை ரொட்டி, வெண்ணெய், பால், முளைவிட்ட பயறு, பச்சைக் காய்கறி, வாரத்தில் ஒருமுறை சிறிது இறைச்சி என்ற சீக்கியர் உணவை உண்ட எலிகள் முதலிடம் பெற்றன. பட்டாணியர் உணவு அதனையடுத்து நின்றது. தீட்டிய அரிசியை நம்பிய சென்னை மாகாண உணவு கடைசி இடத்தில் நின்றது. நம் தட்டைப் பற்றிய இத்தீர்ப்பு நம் மலையிலேயே எழுதப்பட்டது.

இவ்வாய்வுகளினூடே கல் நோயும் வந்தது. இந்தியாவின் வடமேற்குப் பகுதிகளில் சிறுவர்க்குச் சிறுநீர்ப்பைக் கல் மிகுதியாக வந்துகொண்டிருந்தது; தென்னகத்தில் அது குறைவு. வைட்டமின் ‘ஏ’ குறைந்த உணவை உண்ட எலிகளுக்குச் சிறுநீர்க் கல் வருவதை ஆஸ்போர்ன், மெண்டல் என்னும் அமெரிக்க ஆய்வாளர்கள் 1917இல் அறிவித்திருந்தனர். மெக்காரிசன் தானிய மாவே மிகுந்து பாலும் வெண்ணெயும் இல்லாத உணவைக் கொடுத்து எலிகளின் சிறுநீர்ப்பையில் கல்லை உண்டாக்கிக் காட்டினார். அவ்வுணவோடு பாலைச் சேர்த்தபோது கல் தடுக்கப்பட்டது. 1927இல் இம்முடிவுகள் வெளிவரத் தொடங்கின. இந்தியாவில் கல் நோயின் காரணம் குறித்து 1931இல் அவர் ஆற்றிய உரையும் அச்சேறியது. 1936இல் இலண்டனில் நிகழ்த்திய சொற்பொழிவுகளில், குறையுணவு உண்ட எலிகளிடம் தாம் கண்ட நோய்களைப் பட்டியலிட்டார். சிறுநீரகக் கல், ஹாலிபில் சிக்கிய கல், நீர் தேங்கி வீங்கிய சிறுநீரகம், சீழ் கொண்ட சிறுநீரகம், விரிந்த ஹாலிப், சிறுநீர்ப்பைக் கல் என நீண்ட அப்பட்டியல், ஹாவீயின் சிறுநீரகப் பகுதியின் பொருளடக்கத்தைப் போலவே நமக்குத் தோன்றியது.

வைட்டமின் குறைவுக்கு அவர் கொடுத்த முதன்மையைப் பின்வந்தோர் சற்றுத் திருத்தினர். பாலும் இறைச்சியும் அற்ற தானிய உணவில் பாஸ்பேட் சத்துக் குறைவதும், அடிக்கடி வரும் வயிற்றுப்போக்கால் உடலில் நீர் வற்றுவதும் ஏழைச் சிறுவரின் சிறுநீர்ப்பைக் கல்லுக்குக் காரணம் என்று இன்று கொள்ளப்படுகிறது. உணவு மேம்பட்ட நாடுகளில் சிறுவரின் சிறுநீர்ப்பைக் கல் மறைந்தது. பெரியவரின் சிறுநீரகக் கல்லோ பெருகியது. மெலிந்த சிறுவர்க்கு ஓரிடத்தில், பருத்த முதியவர்க்கு வேறிடத்தில் என்று இப்னு ஸீனா பிரித்தது வறுமையின் கல்லையும் வளமையின் கல்லையும்தான். அவர் கண்டதற்கு விடை கிடைக்கும் வழியில் குன்னூரின் எலிக்கூண்டுகளும் ஒரு படியாக அமைந்தன.

அதே ஆண்டுகளில் சமவெளியில் நடந்த மற்றொன்றையும் நினைவுகூர வேண்டும். சென்னை மாகாண அரசு 1921இல் முஹம்மத் உஸ்மான் தலைமையில் நாட்டு மருத்துவக் குழுவை அமைத்தது. 1923இல் அதன் அறிக்கை வந்தது. அதன் பயனாகச் சித்தம், ஆயுர்வேதம், யூனானி மூன்றையும் கற்பிக்கும் அரசுப் பள்ளி 1920களின் நடுவில் சென்னையில் தோன்றியது. ஒரே மாகாணத்தில், ஒரே பத்தாண்டில், ஒரு முனையில் பழைய நூல்கள் வகுப்பறைக்கு வந்தன. மறு முனையில் அவற்றின் வினாக்கள் சோதனைக் கூண்டுக்குச் சென்றன. இரண்டும் ஒன்றையொன்று சந்தித்திருந்தால் எவ்வளவு பயன் விளைந்திருக்கும்!

சந்திப்பு ஒன்று பின்னர் நேர்ந்தது எனலாம். மெக்காரிசனின் ஆய்வுக்கூடம் 1958இல் குன்னூரை விட்டு ஹைதராபாத் சென்று உஸ்மானியாப் பல்கலைக்கழக வட்டாரத்தில் நிலைகொண்டது. இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் அதுவே. ராஸீயின் ஹாவீயை 1955 முதல் பகுதி பகுதியாக அச்சிட்ட தாயிரத்துல் மஆரிஃபும் அதே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. அப்பதிப்பின் பத்தாம் பகுதி சிறுநீரகமும் நீர்ப்பாதைகளும் பற்றியது. உணவு ஆய்வுக்கூடமும் அந்த அச்சகமும் அண்டை வீட்டார். ஆனால் அவற்றின் வாசகர்கள் அண்டை வீட்டாராக ஆகவில்லை.

கருவிகளின் காலம்

நவீன மருத்துவத்தின் கதையைச் சுருக்கமாகவே சொல்லலாம். 1827இல் ரிச்சர்ட் பிரைட் உடல் வீக்கத்தையும் சிறுநீரில் வெளியேறும் புரதத்தையும் சிறுநீரகச் சிதைவோடு இணைத்துக் காட்டினார். 1895இல் ராண்ட்கன் கண்ட ஊடுகதிர் கல்லைக் கண்ணுக்குக் காட்டியது. 1929இல் மோசஸ் ஸ்விக், இரத்தக்குழாய் வழியே செலுத்தும் மருந்தால் சிறுநீரகமும் ஹாலிபும் படத்தில் தெரியச் செய்தார். 1943இல் வில்லெம் கோல்ஃப் நெதர்லாந்தில் செயற்கைச் சிறுநீரக இயந்திரத்தை இயக்கினார். நம் மாநிலத்தில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1971இல் நடந்த சிறுநீரக மாற்று அறுவை இந்தியாவின் முன்னோடி வெற்றியாகும்.

1976இல் ஸ்டாக்ஹோமில், முதுகுப்புறத்தில் சிறு துளையிட்டு அதன்வழியே சிறுநீரகக் கல் எடுக்கப்பட்டது. இப்னு ஸீனா தடுத்த அதே பாதை திறந்தது. தடுத்த காரணங்கள் அதற்குள் நீங்கியிருந்தன. 1980இல் மியூனிக்கில் கிறிஸ்டியன் ஷாசி, உடலைக் கிழிக்காமல் வெளியிலிருந்து செலுத்தும் அதிர்வலையால் கல்லைப் பொடியாக்கினார். ஸஹ்ராவீயின் துளைக்கருவி செய்த வேலையை அலை செய்தது.

உணவைப் பற்றியும் புதிய தெளிவு வந்தது. கல்லில் கால்சியம் இருப்பதால் பால் குடிக்கலாகாது என்று பலகாலம் சொல்லி வந்தனர். 1993இல் வெளியான குர்ஹான் குழுவினரின் பேராய்வு, உணவில் கால்சியம் போதிய அளவு உண்போர்க்கே சிறுநீரகக் கல் குறைவு என்று காட்டியது. உணவிலுள்ள கால்சியம் குடலிலேயே ஆக்ஸலேட்டைப் பிடித்து வெளியேற்றிவிடுகிறது என்பது அதற்குக் கூறப்படும் விளக்கம். தேயிலையிலும் கீரை வகைகள் சிலவற்றிலும் ஆக்ஸலேட் உண்டு. மலையில் குளிரால் தாகம் தெரிவதில்லை. கொழுந்து பறிக்கும் பெண்கள் நாள் முழுவதும் சரிவில் நிற்கிறார்கள். ஒதுங்க இடமில்லாததால் தண்ணீரைக் குறைத்துக்கொள்கிறார்கள், சிறுநீரை அடக்கிக்கொள்கிறார்கள். கல்லுக்கும் தொற்றுக்கும் இதைவிட வசதியான நிலை வேறில்லை. நாளொன்றுக்கு இரண்டு, இரண்டரை லிட்டர் சிறுநீர் கழியும் அளவுக்குப் பருக வேண்டும் என்பது மருத்துவர் கூறும் முதல் விதி. அவ்விதியைக் கடைப்பிடிக்கத் தோட்டத்தில் ஒரு கழிப்பிடம் வேண்டும் என்பது இரண்டாம் விதியாக இருக்க வேண்டும்.

நம் பிழை

கட்டபெட்டு மாணவரின் செய்தியை இனிச் சொல்வோம். சில ஆண்டுகளுக்கு முன் அவர் நம் கல்லூரிக்கு வந்திருந்தபோது இடப்பக்க விலாவில் வலி என்றார். நாம் அப்போது அரபு மருத்துவம் குறித்து உரையொன்று தயாரித்துக்கொண்டிருந்தோம். வலி இறங்கும் திசையைக் கேட்டோம். தொடை மரப்பதைக் கேட்டோம். நூலில் கண்டவாறே அவர் விடையளித்தார். சிறுநீரகக் கல் என்று சொன்னோம். அது சரியாகவும் இருந்தது. அம்மகிழ்ச்சியில் முலாம்பழ விதையும் நெருஞ்சிலும் சேர்ந்த கஷாயத்தை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தோம். மூன்று வாரத்தில் வலி நின்றுவிட்டதாகத் தொலைபேசியில் கூறினார். நம் உரையில் அதனை ஒரு சான்றாகவும் எடுத்துச் சொன்னோம், கேட்டவர்கள் மகிழ்ந்தனர்.

ஒன்றரை ஆண்டு கழித்து, வேறொரு காரணத்திற்காக அவருக்கு வயிற்றை ஸ்கேன் செய்தபோது, இடச் சிறுநீரகம் நீர் தேங்கி மெல்லிய பைபோல் ஆகியிருந்தது. கல் ஹாலிபில் சிக்கியபடியே இருந்தது. அச்சிறுநீரகம் செயலிழந்துவிட்டதால் அதனை அகற்ற வேண்டியதாயிற்று.

இது எப்படி நேர்ந்தது என்பதை மருத்துவ நண்பர் ஒருவர் நமக்கு விளக்கினார். ஹாலிப் திடீரென அடைபடும்போது மேலே அழுத்தம் ஏறுகிறது. அந்த அழுத்தமே வலி. அடைப்பு நீடித்தால் சிறுநீரகம் வடிகட்டுவதைக் குறைத்துக்கொள்கிறது, அழுத்தம் தணிகிறது, வலி நிற்கிறது. கல் வெளியேறினாலும் வலி நிற்கும். சிறுநீரகம் மெல்லச் சாகத் தொடங்கினாலும் வலி நிற்கும். இரண்டையும் நோயாளியால் பிரித்தறிய இயலாது. மறுபக்கச் சிறுநீரகம் வேலையை ஏற்றுக்கொள்வதால் இரத்தச் சோதனைகூடச் சரியாகவே இருக்கக்கூடும். படம் எடுத்துப் பார்ப்பதொன்றே வழி. சிறிய கற்கள் பெரும்பாலும் தாமே இறங்கிவிடும் என்பது உண்மை. இறங்கிவிட்டதா என்று பார்ப்பதும் சிகிச்சையின் பகுதியே. அடைப்போடு காய்ச்சலும் சேர்ந்தால் ஒருநாள்கூடக் காத்திருத்தல் ஆகாது.

கட்டபெட்டில் அவர் வீட்டில் அமர்ந்திருந்தபோது நம் வாயிலிருந்து சொல் எழவில்லை. அவரே பேசினார்: “ஹஜ்ரத், வலி நின்னதும் கல்லு போயிடுச்சுன்னு நினைச்சோம். கல்லைக் கண்ணால பாத்தியான்னு யாரும் கேக்கல.” அவர் குற்றமாகச் சொல்லவில்லை. ஆனால், கேட்டிருக்க வேண்டியவர் நாமே.

ஊர் திரும்பி ஹாவீயை மீண்டும் புரட்டியபோதுதான் இப்னு ஸவாதாவின் குறிப்பு நமக்குப் புரிந்தது. அதனை முன்பே பலமுறை படித்திருக்கிறோம். நோயை அறிந்த ராஸீயின் திறமைக்குச் சான்றாகவே படித்திருக்கிறோம். அவர் அதனை எழுதியதோ, தாம் கேட்க மறந்த கேள்வியை நமக்கு நினைவூட்டுவதற்காக. நாம் அவருடைய மருந்தை எடுத்துக்கொண்டோம், ஐயத்தை விட்டுவிட்டோம்.

நம் ஃபிக்ஹு நூல்கள் இவ்விஷயத்தில் நம்மைவிட எச்சரிக்கையாக இருந்திருக்கின்றன. நோயாளி நோன்பை விடலாமா என்ற வினாவுக்குத் திறன் வாய்ந்த மருத்துவரின் சொல்லை அவை ஆதாரமாகக் கொள்கின்றன. ‘ஹாதிக்’ என்பது அங்கே வரும் சொல். தொழிலில் தேர்ந்தவர் என்பது பொருள். அரபு படித்தவர் என்று அங்கே கூறப்படவில்லை. நோயை நிர்ணயிக்கும் பொறுப்பை மார்க்க அறிஞரே மருத்துவரிடம் ஒப்படைத்திருக்க, பழைய மருத்துவ நூலைப் படிக்கத் தெரிந்த காரணத்தால் நாம் அப்பொறுப்பை எடுத்துக்கொண்டோம்.

யூனானியையும் சித்தத்தையும் கைவிட வேண்டும் என்பது நம் கருத்தன்று. அவற்றை முறைப்படி கற்றுத் தேர்ந்த மருத்துவர்கள் நம்மிடையே இருக்கின்றனர். அவர்களும் இன்று ஸ்கேன் பார்த்தே மருந்து தருகின்றனர். காரூராவுக்குத் தெளிந்த கண்ணாடி வேண்டும் என்று சொன்ன இப்னு ஸீனா, உடலையே கண்ணாடியாக்கும் கருவி கிடைத்திருந்தால் அதனை ஒதுக்கியிருக்க மாட்டார். காலனின் பெயருக்காகத் தம் கண்ணை மூடிக்கொள்ளாத ராஸீ, ராஸீயின் பெயருக்காக நாம் கண்ணை மூடிக்கொள்வதை விரும்பியிருக்க மாட்டார்.

அவ்வுரையை மீண்டும் நிகழ்த்தும் வாய்ப்பு சென்ற ஆண்டு வந்தது. கஷாயத்தின் வெற்றிக் கதை இருந்த இடத்தில் கட்டபெட்டு மாணவரின் கதையை, அவருடைய அனுமதியோடு, முழுமையாகச் சொன்னோம். கூட்டம் முடிந்தபின் முதியவர் ஒருவர் நம்மிடம் வந்து, தமக்கும் ஆறு மாதம் முன் வலி வந்து தானே நின்றுவிட்டது என்றார். மறுநாளே படம் எடுக்கச் சொல்லி அனுப்பி வைத்தோம்.